எங்கள் நாய் கொண்டுபோன நாலாவது ரீல்

பார்க்காத படத்தைப் பார்த்ததாகச் சொல்வது பாவமா என்று மாதா கோவில் பாவசங்கீர்த்தனத்தில் ஒரு முறை சாமியாரிடம் கேட்டிருக்கிறேன். தட்டிக்கு அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு கேட்டது. "எத்தனை படம்மா?" என்றார். ஒன்றே ஒன்றுதான். ஆனால் அந்த ஒன்றை மூன்று தடவை பார்த்ததாகச் சொல்லிவைத்திருந்தேன். அது போதாதென்று, நாற்பது குடும்பங்களுக்கு முன்னால் நாற்காலிமேல் ஏறி நின்று அதன் முடிவையும் சொன்னேன்.

அறுபதுகளின் தொடக்கம். எனக்குப் பத்தொன்பது வயது, பெயர் பிலோமினா. ஜாலான் புசார் சாலையை ஒட்டிய ஒரு சந்தில் கீழே இரும்புச் சாமான் கடை, மேலே நாங்கள். அப்பாவுக்குத் துறைமுகப் பட்டறை ஒன்றில் கணக்கெழுதும் கிராணி வேலை. அப்பா, அம்மா, நான் போக வீட்டில் நாலாவது ஆள் ஒரு கம்பத்து நாய், அதாவது ஜாதி தெரியாத நாட்டு நாய். அதன் பெயர் துரை.

இந்தப் பெயருக்குக் காரணம் உண்டு. பட்டறையின் வெள்ளைக்கார மேலதிகாரியைத் தொழிலாளிகள் எல்லாரும் துரை என்றுதான் அழைப்பார்கள். ஒரு நாள் அவரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டு வந்த அப்பா, மாடிப்படியடியில் ஒண்டிக் கிடந்த நாய்க்கு அந்தப் பெயரை வைத்துவிட்டார். அன்றிலிருந்து தினமும் சாயங்காலம், "துரை, உக்காரு. துரை, வாயை மூடு" என்று இரண்டு அதட்டல் போட்டுவிட்டுத்தான் கோப்பியைக் கையில் எடுப்பார். அதில் அவருக்கு ரத்த அழுத்தம் குறைந்தது என்பது அம்மாவின் கட்சி.

துரைக்கு ஒரு பழக்கம். பசித்தால் குரைக்காது. அதன் சாப்பாட்டுத் தட்டான பிஸ்கட் டின் மூடியை வாயில் கவ்விக்கொண்டு வந்து நம் காலடியில் போடும். மூடி கிடைக்காவிட்டால் வட்டமாக எது கிடைக்கிறதோ அதைத் தூக்கி வரும்.

இனி என் பொய்க்கு வருகிறேன். தேக்காவில் இருந்த என் அத்தை மகள் ஸ்டெல்லா எந்தப் படத்தையும் முதல் நாளே பார்த்துவிடுவாள். மறுநாள் எங்கள் வீட்டுக்கு வந்து, கண்ணை உருட்டி, கையை வீசி, முழுக் கதையையும் கொட்டிவிட்டுப் போவாள். அதற்குப் பிறகு நாங்கள் காசு கொடுத்துப் போய்ப் பார்ப்பது அவள் சொன்னது சரியா என்று சரிபார்க்கத்தான். அந்த வருடம் ஒரு பெரிய படம் வந்த வாரத்தில் ஸ்டெல்லாவுக்கு அம்மை போட்டுவிட்டது. (எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்பதைச் சாமியாரிடம்கூடச் சொல்லவில்லை.) தோழியோடு ஓடினேன். டிக்கெட் இல்லை. மறுநாளும் இல்லை. வாசலில் விற்ற பாட்டுப் புத்தகத்தை மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பினேன்.

பாட்டுப் புத்தகம் தெரியாதவர்களுக்கு: படத்தின் பாடல்கள் எல்லாம் அதில் இருக்கும், முதல் பக்கத்தில் கதைச் சுருக்கம் இருக்கும். கதை உச்சத்துக்குப் போகும் இடத்தில் நிறுத்தி, "மீதியை வெள்ளித்திரையில் காண்க" என்று முடித்துவிடுவார்கள். என் புத்தகத்தில் குமரன் என்ற நல்லவன் செய்யாத கொலைக்காகத் தூக்குமேடை ஏறுகிறான். அவன் மனைவி வசந்தா கோவில் வாசலில் மயங்கி விழுகிறாள். மீதி வெள்ளித்திரையில்.

அம்மை இறங்கியதும் ஸ்டெல்லா வந்தாள். "பாத்தியாடி?"

"பாத்தேன்."

"எப்படி?"

"ஒரு தடவை பாத்தா புரியாது. மூணு தடவை பாத்தேன்."

"முடிவு என்னடி?"

"முடிவைச் சொன்னா பாக்கிற சுகம் போயிடும்," என்றேன், அவளிடம் அதுவரை இல்லாத பெருந்தன்மையோடு. படமும் அதற்குள் ஊரைவிட்டுப் போயிருந்தது. பொய் பத்திரமாக இருந்தது.

டிசம்பர் விடுமுறை வந்தது. பட்டறைப் பொழுதுபோக்கு மன்றத்துக்கு அந்த வருடம் அப்பா செயலாளர். நாற்பது குடும்பங்களையும் பாசிர் ரிஸ் கடற்கரையில் ஒரு பங்களாவுக்கு அழைத்துப்போய், நாள் முழுக்க விளையாட்டு, சாப்பாடு, கடைசியில் சினிமா என்று திட்டம். துரையே, அதாவது இரண்டு கால் துரையே, சிறப்பு விருந்தாளியாக வர ஒப்புக்கொண்டிருந்தார். அப்பா ஒரு வாரமாகத் தூங்கவில்லை.

"படம் என்னன்னு தெரியுமா?" என்று என்னிடம் பெருமையாகக் கேட்டார். "நீ மூணு தடவை பாத்தியே, அதேதான். நம்ம பட்டறையில வேற யாருக்கும் டிக்கெட்டே கிடைக்கலை. ஆபரேட்டர் மாணிக்கம் எங்கேயோ தேடிப் பிடிச்சுக் கொண்டாறார்."

எனக்கு உள்ளுக்குள் மணி அடித்தது. ஒரே நாளில் படத்தையும் பார்த்துவிடலாம், பொய்யையும் உண்மையாக்கிவிடலாம். அந்த அவசரத்தில் அப்பா கொடுத்த ஒரே ஒரு வேலையை நான் சரியாகச் செய்யவில்லை. வீட்டில் தனியாக விட முடியாமல் நாயையும் லாரியில் ஏற்றி வந்திருந்தோம். "பின்கட்டுல நல்லா கட்டிப் போடு. அங்க வச்சு யாரும் அதைப் பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது" என்பது அப்பாவின் உத்தரவு. கயிற்றைக் காணோம். என் தலை ரிப்பனை அவிழ்த்துக் கட்டினேன். பட்டு ரிப்பன். முடிச்சு என்ன, பூ மாதிரி இருந்தது.

பகலில் மழை பிடித்துக்கொண்டது. ஓட்டப் பந்தயம், கயிறு இழுத்தல் எல்லாம் ரத்து. "படத்தை இப்பவே போட்டுடலாம்லா" என்று கூட்டம் கேட்டது. கூடத்து ஜன்னல்களைப் பாயால் மூடி, சுவரில் வேட்டியைக் கட்டி, மத்தியானம் இரண்டு மணிக்குப் படம் தொடங்கியது. துரை முன்வரிசைப் பிரம்பு நாற்காலியில். அவருக்குப் பக்கத்தில் தலைமைக் கிராணி, கதையை ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே.

நாலு ரீல். ஒவ்வொன்று முடிந்ததும் மாணிக்கம் மாற்றுவார். மூன்றாவது ரீலின் கடைசியில் குமரனைத் தூக்குமேடைக்கு இழுத்துப் போனார்கள். வசந்தா கோவில் வாசலில் விழுந்தாள். பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள். நான் மூச்சுவிடாமல் உட்கார்ந்திருந்தேன். இனி வருவது எனக்கும் புதிது. திரை வெள்ளையாயிற்று.

"இங்க வச்சிருந்த ரீல் எங்க?" என்றார் மாணிக்கம்.

மாற்றுவதற்குத் தயாராக அதைப் பெட்டியிலிருந்து எடுத்துப் பெஞ்சின் ஓரத்தில் வைத்திருந்தாராம். எல்லாரும் குனிந்து தேடினார்கள். வராந்தாவில் தேநீர் ஆற்றிக்கொண்டிருந்த அம்மா அப்போதுதான் குரல் கொடுத்தார். "ஏங்க, நம்ம நாய் ஏதோ கறுப்பு ரிப்பனை இழுத்துக்கிட்டுக் கடலுக்குப் போவுதுங்க."

வட்டமான தகரத் தட்டு. அதற்கு வேறென்ன தோன்றும்? இருட்டில் எங்களைக் காணாமல், சோறு தேடி மழையில் கிளம்பிவிட்டது. அதன் பின்னால் சவுக்கு மரங்களைச் சுற்றி, மீனவர் படகைச் சுற்றி, ஈர மணலில் படம் பிரிந்துகொண்டே போனது.

அப்பா தன் உத்தரவைத் தானே மறந்தார். "துரை," என்று வராந்தாவில் நின்று கத்தினார். "துரை, அதைக் கீழ போடு."

முன்வரிசையில் துரை எழுந்து நின்றார். அவருக்குத் தெரிந்த தமிழ் அந்த ஒரு சொல்தான். மீதியைத் தலைமைக் கிராணி பழக்கதோஷத்தில் மொழிபெயர்த்துவிட்டார். துரை தன் கையிலிருந்த பாதி வடையை மெதுவாகத் தட்டில் வைத்தார்.

அப்பாவின் முகத்தில் ரத்தமே இல்லை. மாணிக்கம் நாயைத் துரத்திக்கொண்டு மழையில் ஓடினார். கூடத்தில் சலசலப்பு எழுந்தது. "குமரன் என்ன ஆனான்?" "பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு இதுக்கா வந்தோம்?" "செயலாளர் பதில் சொல்லணும்." யாரோ அடுத்த வருடம் வேறு செயலாளர் என்றுகூடச் சொன்னார்கள். நான் என் ரிப்பன் இல்லாத தலையைக் குனிந்துகொண்டேன்.

அப்போது எங்களோடு வந்திருந்த ஸ்டெல்லாவின் குரல். "எதுக்குக் கவலை? நம்ம பிலோ மூணு தடவை பாத்திருக்கா. மீதியை அவ சொல்லட்டும்."

அப்பா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, கடலில் விழுந்தவன் கட்டையைப் பார்க்கிற பார்வை. "சொல்லும்மா," என்றார். நாற்காலி போட்டார்கள். ஏறினேன்.

தூக்குமேடை வரைக்கும் பாட்டுப் புத்தகத்தில் இருந்ததை அப்படியே மறுபடி சொன்னேன். "அதைத்தான் பாத்தோமே," என்றது ஒரு குரல். அதோடு என் கையிருப்பு தீர்ந்தது. உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அந்த நேரம் பார்த்து வாசல்படியில் எங்கள் நாய் வந்து நின்று, உடம்பை உதறியது. காதில் ஒரு துண்டுப் படம் தொங்கியது.

"அப்பத்தான் ஒரு நாய் வருது," என்றேன்.

"நாயா? மூணு ரீல்ல நாயே வரலையேலா," என்றார் பின்வரிசைக்காரர்.

"அது வசந்தா வீட்டுக் கொல்லையில இருந்துச்சு. காமிரா அந்தப் பக்கம் போகலை."

"ஓ," என்று அவர் உட்கார்ந்துவிட்டார். அந்த 'ஓ'வில் எனக்குத் தைரியம் வந்தது. வந்த தைரியம் பிறகு நிற்கவேயில்லை. கொலை நடந்த அன்று நாய் அங்கே இருந்தது. ஓடிய கொலைகாரனின் வேட்டியைக் கடித்தது. கிழிந்த துண்டில் ஜமீன் முத்திரை போட்ட ஜரிகை. அதை வாயில் கவ்விக்கொண்டு நாற்பது மைல், மழையில், வெள்ளத்தில் நீந்தி வருகிறது. வழியில் வில்லனின் ஆள் ஆட்டெலும்பைக் காட்டுகிறான். நாய் திரும்பிப் பார்க்கிறது. எல்லாரும் மூச்சைப் பிடித்தார்கள். ஆட்டெலும்பை மிதித்துவிட்டு நடக்கிறது.

"வழியில யாராச்சும் அதுக்குச் சோறு போட்டாங்களா?" என்று வராந்தாவிலிருந்து அம்மா கேட்டார்.

"ஒரு ஏழைக் கிழவர் கஞ்சி ஊத்தினாரும்மா."

"மகராசன்," என்று அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

தலைமைக் கிராணி எழுந்தார். "அது என்ன ஜாதி நாய்னு துரை கேக்கிறார்."

"கம்பத்து நாய்தான்னு சொல்லுங்க," என்றேன். துரை நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

அப்போதுதான் மாணிக்கத்தைப் பார்த்தேன். சொட்டச் சொட்ட நனைந்து, கழுத்தில் மாலை மாலையாகப் படச்சுருளோடு வாசலில் நின்றுகொண்டிருந்தார். இந்தப் படத்தை ஊர் ஊராக ஓட்டியவர். முடிவு தெரிந்த ஒரே ஆள். நான் நிறுத்தியதைக் கண்டு கூட்டமும் அவர் பக்கம் திரும்பியது.

"என்ன மாணிக்கண்ணே," என்றார் பின்வரிசைக்காரர், "நாய் வருமா?"

மாணிக்கம் என்னைப் பார்த்தார். அப்பாவைப் பார்த்தார். காலடியில் வாலாட்டிய நாயைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "ஆமா," என்றார். "நாய் வரும்."

பிறகு என்னை யார் பிடிக்க? கயிறு குமரன் கழுத்தில் விழுந்த நொடியில் நாய் மேடைமேல் பாய்ந்தது. கொலைகார ஜமீன்தார் வசமாகச் சிக்கினார். வசந்தா எழுந்து ஓடிவந்தாள், குமரனைக் கட்டிக்கொள்வதற்கு முன்னால் நாயைக் கட்டிக்கொண்டாள். கடைசியில் ஒரு பாட்டு வேண்டுமே? மாதா கோவில் பாடகர் குழுவில் கற்ற கிறிஸ்துமஸ் மெட்டு ஒன்றில் நாயின் புகழைப் பொருத்திப் பாடினேன். (இதையும் சாமியாரிடம் சொன்னேன். அவர் மெட்டு எது என்று மட்டும் கேட்டார்.) கூடம் அதிரக் கைதட்டினார்கள். முதலில் எழுந்து தட்டியவர் துரை. அப்பா யாரும் பார்க்காத மாதிரி ஜன்னல் பாயை நிமிர்த்திக்கொண்டே அழுதார்.

மழை விட்டதும் மாணிக்கத்துக்கு உதவப் போனேன். ஈரத் துணியால் படத்தைத் துடைத்துத் துடைத்துச் சுற்றினோம். பாதி தேறியது.

"அண்ணே, நிஜத்துல என்ன ஆவுது?"

"அவன் செத்துடறான்மா. அந்தப் பொண்ணும்தான். முப்பது தடவை ஓட்டிட்டேன். சனங்க ஒவ்வொரு தடவையும் அழுதுக்கிட்டே வீட்டுக்குப் போவாங்க." சுருளை விளக்கில் தூக்கிப் பார்த்தார். "இன்னிக்குத்தான் சிரிச்சுக்கிட்டுப் போறாங்க."

நான் சொல்லாமல் தப்பியிருப்பேன். ஆனால் சில மாதம் கழித்து அந்தப் படம் தேக்கா பக்கத்துத் தியேட்டருக்கு மறுபடி வந்தது. பட்டறையே திரண்டு போனது. மறுநாள் அத்தனை பேரும் கோபமாக அப்பாவிடம் வந்தார்கள். "அநியாயம் சார். நாய் வர்ற பகுதியை முழுசா வெட்டிட்டாங்க." பின்வரிசைக்காரர் தியேட்டர் மேலாளரிடமே போய்ச் சண்டை போட்டிருக்கிறார். நாயை மறைத்து வைத்திருக்கிறீர்கள், எங்கள் மன்றத்தில் முழுப்படம் காட்டினார்கள் என்று.

அன்று சாயங்காலம் அப்பா வழக்கமான அதட்டலைக்கூட மறந்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"பிலோ, நிஜத்தைச் சொல்லு. அந்தப் படத்துல நாய் இருக்கா?"

எல்லாவற்றையும் சொன்னேன். பாட்டுப் புத்தகம், மூன்று தடவை, ரிப்பன். அடி விழும் என்று பின்னால் நகர்ந்தேன். அப்பா நாயைப் பார்த்தார். பிறகு தோள் குலுங்கச் சிரித்தார்.

"யார் கேட்டாலும் இருக்குன்னே சொல்லு," என்றார். "நான் செயலாளர்."

அடுத்த டிசம்பரில் மன்றக் கூட்டத்தில் எந்தப் படம் போடலாம் என்று பேச்சு வந்தபோது, படம் எதற்கு, செயலாளர் மகள் போதும் என்று தீர்மானமாயிற்று. ஆறு வருடம் நான்தான் பாசிர் ரிஸ்ஸில் வெள்ளித்திரை. ஸ்டெல்லா முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டாள்.

எங்கள் வீட்டில் இப்போதும் எந்தப் படமும் அழுகையில் முடிய ஒருவரும் விடுவதில்லை. போன மாதம் மருமகள் ஆசையாகப் பார்க்கும் தொடரில் நாயகி தலைவிரி கோலமாகக் கிணற்றை நோக்கி நடந்தாள். மருமகள் கண்ணில் தண்ணீர் முட்டியது. சோபாவில் நாளிதழ் படித்துக்கொண்டிருந்த என் மகன் தலையைத் தூக்கவேயில்லை.

"அம்மா, நாயை அனுப்புங்க," என்றான்.

அனுப்பினேன். அவள் பிழைத்துக்கொண்டாள்.