மொத்தக் கிளாஸும் திருடுன ஒரே கொய்யாப்பழம்

நாமக்கல் பக்கம் ஒரு காலேஜு. அங்க ரெண்டாம் வருசத்துப் புள்ளைங்களுக்கு ஒரு சுற்றறிக்கை வந்துச்சு: "பாடத்திலுள்ள குறுநாவலைப் படித்து, தத்தம் உள்ளத்தில் உறையும் தீமையைச் சுயமாகச் சிந்தித்து எழுதித் தரவும். மதிப்பெண் பெறாதோருக்கு ஹால் டிக்கெட் கிடையாது."

அது ஒரு சீமைக் கதை. நல்ல டாக்டர் ஒருத்தரு ஏதோ மருந்தைக் குடிச்சுப்போட்டு, கெட்டவனா மாறி ஊரையே பாடாப்படுத்தறது.

இங்கிலீஷ் வாத்தியார் தீனதயாளன் கடமை தவறாதவரு. சுயமாச் சிந்திக்கறதுக்கும் நோட்ஸ் வேணுமில்ல?

"எழுதிக்குங்க. தலைப்பு, என் சொந்தக் கருத்து. சிறு வயதில் பக்கத்துத் தோட்டத்தில் ஒரு கொய்யாப்பழம் திருடினேன். அன்றிரவு என் மனசாட்சி அழுதது. அடிக்கோடு போடுங்க."

பரமத்தி வேலூர்ல இருந்து பஸ் ஏறி வர்ற பூபதி எந்திரிச்சான். "சார், எங்கூர்ல வாழையும் வெத்தலையுந்தானுங்க. வாழைத்தாருன்னு போட்டுக்கட்டுங்ளா?"

"தாரு பெரிய குத்தமப்பா. மனசாட்சி அழுதாப் பத்தாது, போலீசு வரும். கொய்யாவே இருக்கட்டும்."

மொத்தக் கிளாஸும் திருடுச்சு. மதுமதி மட்டும் திருடல. அவளுக்கு மூக்குக்கு மேல கோவம். அவ எழுதுனது இது: "எனக்குள்ள ஒரு கெட்டவ இருக்கறா. மருந்தே குடிக்காம வெளிய வந்துருவா. சார் நோட்ஸ் சொல்ல ஆரம்பிச்சா, அவர் வாயில டஸ்டரை வெச்சு அடைக்கலாமான்னு கேப்பா."

சைபர் விழுந்துச்சு.

"ஏனுங் சார், என்ற சொந்தக் கருத்துக்கு எப்படிங் சைபர் போடுவீங்க?"

"உன்ற சொந்தக் கருத்து தப்பும்மா. மத்த எல்லாருக்கும் ஒரே சொந்தக் கருத்துதான் இருக்குது. உனக்கு மட்டும் வேறயா இருந்தா, எங்கயோ பாத்து எழுதியிருக்கறன்னுதான அர்த்தம்?"

பிரின்சிபால் வெங்கடாசலத்துகிட்ட போனா.

"வகுப்பே மனமுவந்து குத்தத்தை ஒத்துக்கிச்சு," ன்னாரு அவரு. "நீ ஒருத்திதான் கொய்யாவை மறைக்கற."

"நான் திருடவே இல்லீங் சார்!"

"திருடுனவங்க எல்லாரும் முதல்ல அப்படித்தாம்மா சொல்லுவாங்க."

ஹால் டிக்கெட் இல்லீன்னா ஒரு வருசம் போச்சு. ஊட்டுல மாப்பிள்ளை பாக்க ஆரம்பிச்சுருவாங்க. மதுமதி பல்லைக் கடிச்சுக்கிட்டு ஒரு கொய்யாப்பழம் திருடுனா. மனசாட்சியும் அழுதுச்சு, அடிக்கோட்டோட. ஹால் டிக்கெட் வந்துருச்சு.

அடுத்த வருசம் மேலிடத்துலருந்து உத்தரவு: "கொய்யா அனுபவங்கள் மிகுதியாக வருகின்றன. புதுமை தேவை."

அந்த வாரமே மதுமதி ரெண்டாம் வருசத்துக் கிளாஸைத் தாண்டிப் போனா. உள்ள தீனதயாளன் சார் கணீர்னு சொல்லிட்டிருந்தாரு: "அவர் வாயில் டஸ்டரை வைத்து அடைக்கலாமா என்று கேட்பாள். அடிக்கோடு போடுங்க."

புள்ளைங்க குனிஞ்ச தலை நிமிரல. மதுமதி கொதிச்சுப்போயி உள்ள பாஞ்சா.

"சார், இது என்ற சொந்தக் கருத்து!"

"ஆமாம்மா. இந்த வருசம் எல்லாருக்கும் இதுதான்."

மேசை மேல டஸ்டர் இருந்துச்சு. வெடுக்குனு எடுத்தா. அப்பத்தான் முன் பெஞ்சு சித்ராவோட நோட்டு கண்ணுல பட்டுச்சு. மதுமதிக்குத் தாங்கல. திரும்பி போர்டைத் தொடச்சா, சாக்பீஸை எடுத்தா.

"மருந்தே குடிக்காமங்கறதை உட்டுப்போட்டீங்களே! சேத்தி எழுதுங்க. அதுதான் முக்கியம்."

"அக்கா, அதுக்கும் அடிக்கோடு போடோணுங்ளா?"

"ரெண்டு கோடாப் போடு."