நத்தையை அழைத்து வந்த பயிலரங்கு

மனித குலத்தின் வரலாற்றில் நெருப்பு, சக்கரம் ஆகிய இரண்டுக்கும் அடுத்தபடியாக வைத்து எண்ணத்தக்கது, சுற்றுச்சூழல் அலுவலகம் நடத்திய 'அந்நிய நத்தை ஒழிப்புச் சமூக விழிப்புணர்வுப் பயிலரங்கு'. அதில் கலந்துகொள்ளும் பெரும்பேறு நாற்றுக்கார அக்காவுக்குக் கிட்டியது.

அக்கா கால்வாய்க்கு மேற்கே, வீட்டுக் கொல்லையில் கத்தரி, தக்காளி நாற்று வளர்த்து விற்பவள். கால்வாய்க்குக் கிழக்கே உள்ளங்கை அகல நத்தை ஒன்று எங்கிருந்தோ வந்து, பெருகி, ஒரே மழைக்காலத்தில் தோட்டங்களை மொட்டையடித்திருந்தது. மேற்கே இன்னும் வரவில்லை. வந்தால் பிழைப்பு மண்ணாகிவிடும் என்பதால், வியாபாரத்தை நாத்தனாரிடம் ஒப்படைத்துவிட்டு முதல் வரிசையில் போய் உட்கார்ந்தாள்.

விழிப்புணர்வு அதிகாரி காலை முழுவதும் 'விழிப்புணர்வு' என்ற சொல்லுக்கு விளக்கம் தந்தார். பாதிப் பேர் தூங்கிவிட்டார்கள். பிற்பகல் குழு விவாதம். எல்லோரும் வண்ணப் பேனாவால் நத்தை வரைந்தார்கள். அக்கா வரைந்ததற்குக் கொம்பு நீளம் என்று விமர்சனம் வந்தது. நத்தையை என்ன செய்வது என்கிற அற்ப விஷயத்துக்குக் கடைசி மூன்று நிமிடம் ஒதுக்கப்பட்டது: கையுறை போட்டுப் பொறுக்கு, உப்புத் தண்ணீரில் போடு, ஆழக் குழி தோண்டிப் புதை.

பிறகு நிகழ்ச்சியின் சிகரம். அலுவலக வேனிலிருந்து நாற்பது பிளாஸ்டிக் டப்பாக்கள் இறங்கின. ஒவ்வொன்றிலும் உயிருள்ள நத்தை ஒன்று. கோப்பின் மொழியில் 'கற்றல் உபகரணம்'. வீட்டுக்குக் கொண்டுபோய் அக்கம்பக்கத்தாருக்குக் காட்ட வேண்டுமாம்.

அக்கா எழுந்து நின்றாள். "சார், எங்க பக்கம் இது இன்னும் வரல. நாங்களே எதுக்குக் கொண்டு போகணும்?"

அதிகாரி கனிவோடு சிரித்தார். "வராத எடத்துலதாம்மா விழிப்புணர்வு கம்மியா இருக்கு."

அக்கா டப்பாவை வாங்கிக்கொண்டு நேராகப் பயிலரங்கு நடந்த கூடத்தின் சமையலறைக்குப் போனாள். உப்பைக் கரைத்தாள். நத்தை பாடத்திட்டப்படி காலமானது. 'உபகரணத்தைச் சேதப்படுத்தியவர்' என்று பதிவாகி, அவளுக்குச் சான்றிதழ் மறுக்கப்பட்டது. மேற்கிலிருந்தே வந்திருந்த மற்ற முப்பத்தொன்பது பேரும் ஒரு கையில் சான்றிதழும் மறு கையில் நத்தையுமாக அதே வேனில் வீட்டு வாசல்வரை கொண்டுபோய் இறக்கப்பட்டார்கள்.

பக்கத்து வீட்டுத் தையற்காரர் பாவம் பார்த்துத் தன் நத்தையைச் செடியோரம் காற்று வாங்க விட்டார். இன்னொருவருக்கு டப்பா தேவைப்பட்டது. நத்தையை வேலியோரம் கொட்டினார். நத்தைகள் எந்த அரசாணைக்கும் காத்திராமல் வேலையைத் தொடங்கின. ஒவ்வொன்றும் நூற்றுக்கணக்கில் முட்டையிட்டது. அடுத்த மழைக்காலத்தில் ஒரு விடியலில் அக்கா கொல்லைக்குப் போனபோது, பாத்திகளில் வெறும் தண்டுகள் குச்சி குச்சியாக நின்றன. அவள் அழவில்லை. அப்படியே ஈரத்தில் உட்கார்ந்துவிட்டாள். நாத்தனார் வந்து தோளைத் தொட்ட பிறகுதான் எழுந்தாள்.

மறுநாளிலிருந்து இருவரும் கையுறையும் உப்பு வாளியுமாகத் தெருத்தெருவாகப் போனார்கள். தையற்காரர் வெட்கத்தோடு மண்வெட்டி எடுத்துவந்து குழி தோண்டினார். ஒவ்வொரு வீடாக ஆள் சேர்ந்தது. மூன்று மாதத்தில் பாதி அடங்கியது. கூட்டம் போடாமல் செய்த வேலை என்பதால் இது எந்தக் கோப்பிலும் ஏறவில்லை.

கோப்பில் ஏறியது வேறு. மேற்குப் பகுதியில் நத்தையை அடையாளம் காணத் தெரிந்தவர்கள், பயிலரங்குக்கு முன் பூஜ்யம். பின் நூற்றுக்கு நூறு. உடனே பாராட்டு விழா. அலுவலகம் என்றாலே மந்தம் என்ற பழியைத் துடைத்துவிட்டோம் என்று முழங்கிய அதிகாரி, மக்கள் குரலும் ஒலிக்கட்டும் என்று அக்காவிடம் மைக்கை நீட்டினார்.

அக்கா எழுந்து நின்று, நிதானமாகச் சொன்னாள்:

"சார் சொல்றது நெசந்தாங்க. அந்த நத்தை தானா ஊர்ந்து கால்வாயைத் தாண்டி வந்திருந்தா இன்னும் பத்து வருஷம் ஆயிருக்கும். ஆபீஸ் வேன்ல ஏறினதால, ஒரே சாயங்காலத்துல வந்து சேர்ந்துடுச்சு."