தேங்காய்த்திட்டு டிக்கெட் கவுண்டரும் நீங்கள் அனுப்பிய பிரிண்டரும்

இயேசு மரி சூசை துணை

நெல்லித்தோப்பு, புதுச்சேரி

மதிப்பிற்குரிய மச்சான் அலெக்சாண்டர் அவர்களுக்கு,

உங்கள் தங்கை ஸ்டெல்லாமேரியின் முழங்கால் நீங்கலாக இங்கே எல்லாரும் நலம். பாரீசில் குளிருக்குப் பயந்து நீங்கள் பூசைக்குப் போகாமல் இருக்கமாட்டீர்கள் என்று நம்புகிறேன். நிற்க. நீங்கள் அன்போடு அனுப்பிய டிக்கெட் பிரிண்டர் பழுதான பொருள் என்பதைக் கோபம் சிறிதும் இல்லாமல் தெரிவித்துக்கொள்கிறேன்.

நம் சிந்தியா, தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் மீன் ஏலம் விடும் பெண்களைப் பற்றி எழுதிய நாடகத்தை முத்தியால்பேட்டை அரங்கத்தில் போட்டது உங்களுக்குத் தெரியும். "அவங்க வந்து பாக்கலன்னா நான் போட்டதே வீண்பா" என்று பிள்ளை கண்கலங்கியது எனக்குத் தாங்கவில்லை. டிக்கெட்டுக்காக அவர்கள் அவ்வளவு தூரம் அலைய வேண்டாம், தேங்காய்த்திட்டிலேயே கவுண்டர் போடுகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். ஏலக்காரப் பச்சையம்மாள் தன் ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் இடம் தந்தார். பிரிண்டரை மாட்டி அவருக்கே முதல் டிக்கெட் என்று பட்டனை அழுத்தினேன், சத்தமே இல்லை, விடாமல் அழுத்தினேன். அரங்கத்து டிக்கெட் கவுண்டரில் இருந்த ஸ்டெல்லாமேரி போன் செய்தாள். "இன்னாங்க, இங்க யாருமே தொடல, மிஷினு தானா டிக்கெட்டு துப்புது!" அரங்கத்துப் பிரிண்டரா, துறைமுகத்துப் பிரிண்டரா என்று கம்ப்யூட்டரில் நாம்தான் தேர்வு செய்ய வேண்டுமாம். பக்கத்தில் இருப்பதில் அடிக்கத் தெரியாதா அதற்கு?

அதைச் சரிசெய்தால் அடுத்த வம்பு. மீன் கையோடு வாங்கியதும் டிக்கெட் நனைந்த அப்பளமாகிவிட்டது. "வூட்டுக்குப் போறதுக்குள்ள கரைஞ்சுடும் போலருக்கே சார்" என்றார் பச்சையம்மாள். நம் வீட்டில் ஞானஸ்நானச் சான்றிதழ் முதல் கேஸ் புத்தகம் வரை நான் லேமினேஷன் செய்யாத காகிதம் கிடையாது. துறைமுகத்தார் எல்லாருக்கும் டிக்கெட் அடித்து மொத்தமாக ஹரிகிருஷ்ணன் லேமினேஷன் கடையில் கொடுத்தேன். மிஷினுக்குள் வெள்ளையாகப் போனவை வெளியே கன்னங்கரேலென்று வந்தன. பெயர் இல்லை, இருக்கை எண் இல்லை, ஒரே அமாவாசை. "இது பில் அடிக்கிற பேப்பரு சார், சூடு பட்டா கறுத்துடும்" என்று அப்புறம் சொல்கிறார். மறுபடி அடிக்கலாம் என்றால் ஒரு இருக்கைக்கு ஒரு முறைதானாம், மீறினால் சிந்தியாவின் பாஸ்வேர்டு வேண்டுமாம். அவளிடம் எந்த முகத்தோடு கேட்பேன்? எல்லாவற்றையும் பச்சையம்மாளிடம் கொடுத்து, "உங்க ஆளுங்களுக்கு மட்டும் ஸ்பெஷல் கறுப்பு டிக்கெட்டு, முன்வரிசை" என்று சொல்லிவிட்டேன். வாய் என்னுடையதுதான், ஆனால் எப்படி வந்தது என்று தெரியவில்லை.

நாடகத்தன்று துறைமுகமே பட்டுப்புடவையில் வந்து இறங்கியது. வாசலில் டிக்கெட்டைப் படிக்கிற கருவி கறுப்பைக் கண்டு கூவென்று கத்தியது. வரிசை நின்றுவிட்டது. "எங்களுக்கு இங்கெல்லாம் எடமில்லன்னு தெரியும், சொன்னா கேட்டீங்களா?" என்று பின்னால் ஒரு குரல், நாலைந்து பேர் திரும்பியும் நடந்தார்கள். பச்சையம்மாள் மட்டும் அசையவில்லை. "கறுப்பு டிக்கெட்டுக்கு முன்வரிசைன்னு உங்கப்பாதான் சொன்னாரு" என்று சிந்தியாவிடம் நீட்டினார். அவள் அதை விளக்குக்கு எதிரே திருப்பித் திருப்பிப் பார்த்தாள். என்னையும் பார்த்தாள். "ஆமாக்கா, முன்வரிசைதான். போனவங்களையும் கூப்பிடுங்க" என்றாள். அங்கே உட்கார்ந்திருந்த பெரிய மனிதர்களெல்லாம் பின்னால் போனார்கள். நாடகத்தில் ஏலம் தொடங்கியதும் முன்வரிசையிலிருந்து பச்சையம்மாள் விலையை ஏற்றிவிட்டார். மேடையில் நடித்த பெண் திகைத்துப்போய் அந்த விலைக்கே கொடுத்தாள்.

ஆகவே மச்சான், பிரிண்டரைத் திருப்பி அனுப்புகிறேன். கவுண்டர் வேலையையும் விட்டுவிட்டேன். லேமினேஷன் விஷயம் சிந்தியாவுக்குத் தெரிய வேண்டாம். பிரிண்டர்தான் பழுது என்று நீங்களே ஒரு போன் போட்டுச் சொன்னால் புண்ணியமாகப் போகும். உங்கள் ஊர்ப் பாஷையில் நன்றி, மெர்சி.

மாதா உங்களையும் வீட்டாரையும் குளிரிலிருந்து காப்பாற்றட்டும்.

தங்கள்
லூர்துபிரகாஷ்

பின்குறிப்பு: கவரை ஒட்டும்போது சிந்தியா வந்தாள். "துறைமுகத்துல யாரும் டிக்கெட்ட தூக்கிப் போடலப்பா, சாமி படத்துக்கிட்ட வச்சிருக்காங்க. அடுத்த நாடகத்துக்கு எல்லாருக்கும் கறுப்புதான். லேமினேஷன நீங்களே பாத்துக்குங்க" என்றாள். அவளிடம் நான் அந்த வார்த்தையை உச்சரித்ததே இல்லை மச்சான். போன் போட வேண்டாம். பிரிண்டர் தங்கமானது. பேப்பர் உருளை மட்டும் இன்னும் கொஞ்சம் அனுப்புங்கள்.