உன் அத்தானின் ஒத்திகைகள்

அன்புள்ள தம்பிக்கு, அக்கா ஆசீர்வதித்து எழுதிக்கொள்வது. கடல் தாண்டி வந்தும் கெட்டுப்போகாமல் நாங்கள் இருவரும் சௌக்கியமாக இருக்கிறோம். நீயும் உன் வீட்டுக்காரியும், அவளுடைய மூட்டுவலி நீங்கலாக, சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

ரிட்டயர் ஆனதும் வீட்டை விற்றுவிட்டு நாங்களும் அங்கேயே வந்துவிடலாமா, வருவதற்கு முன்னால் என்னென்ன யோசிக்க வேண்டும் என்று கேட்டிருந்தாய். சரியான இடத்தில்தான் கேட்டாய். நீயும் உன் அத்தானும் எலியும் பூனையுமாக இருந்ததெல்லாம் போதும், இந்த விஷயத்தில் அவர் காலில் விழுந்தாலும் தகும். தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரியாக இருந்தபோது, தீப்பிடிக்காத நாளில் சங்கை ஊதி அத்தனை பேரையும் வெளியே ஓடவிட்டு, அவருக்கு 'ஒத்திகை சார்' என்று பெயர் வந்ததே, அந்தப் புத்தி ரிட்டயர் ஆகவில்லை. எல்லாரும் வெயில் இதமாக இருக்கும்போது வந்து ஊர் பார்ப்பார்கள்; இவர் மகள் இருக்கும் இந்த ஊருக்கு என்னைக் கொட்டுகிற குளிரில் கூட்டிவந்தார். "நல்ல நாள்ல எல்லா ஊரும் நல்லாத்தான் இருக்கும்" என்றார். எனக்குப் பல் கிட்டித்துப்போனதால் பதில் சொல்ல முடியவில்லை.

வீட்டை உடனே வாங்காதே, முதலில் ஒரு வருஷம் வாடகைக்கு இருந்து பார் என்பது அவர் கட்டளை. அந்த வாடகை வீட்டைப் பார்க்கப் போன லட்சணத்தைக் கேள். மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. மனுஷர் கடைக்குப் போய் ஒரு அரிசி மூட்டையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு படியேற ஆரம்பித்துவிட்டார். "என்னங்க இது கூத்து?" என்றால், "எம்பது வயசுல இந்த உடம்பே இப்படித்தான் கனக்கும், இப்பவே பாத்துக்கலாம்" என்கிறார். இரண்டாவது மாடித் திருப்பத்தில் மூட்டை கிழிந்து அரிசி அத்தனையும் வாசல் வரை உருண்டது. கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் அம்மாள் துடைப்பத்தோடு ஓடிவந்து அவள் பாஷையில் எங்கள் பரம்பரையையே விசாரித்தாள். இவரோ, "பாத்தியா, நாம விழுந்தாலும் இவ்வளவு சீக்கிரம் ஆள் வரும்" என்று பூரித்துப்போய், அதே கட்டடத்தில் தரைத்தள வீட்டுக்கு முன்பணம் கொடுத்துவிட்டார். இப்போது என் முழங்கால் தினமும் அவரை வாழ்த்துகிறது.

அப்புறம் ஆஸ்பத்திரி. என்னைக் குளியலறைத் தரையில் படுக்கவைத்து, "கத்து" என்றார். நான் நாணத்தோடு ஒரு தரம் "ஐயோ" என்றேன். "சாகப்போறவ கத்தற கத்தலா இது?" என்று கேட்டாரே பார், வந்த ஆத்திரத்தில் கத்தினேன். பக்கத்து வீட்டு டிராம் ஓட்டுநர், அவரும் ரிட்டயர் ஆனவர்தான், பாதி சவரத்தில் சோப்பு நுரையோடு ஜன்னல் வழியாகக் குதித்து, இவர் "ஒத்திகை, ஒத்திகை" என்று அலற அலற ஆம்புலன்ஸுக்குப் போன் செய்து, என்னைத் தூக்கிப் போய் அதில் ஏற்றிவிட்டார். வெட்கத்தில் செத்தேன். ஆனால் நடிக்கப் போன இடத்தில் எனக்கு நிஜமாகவே ரத்தக்கொதிப்பு இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். அன்றிலிருந்து மாத்திரை சாப்பிடுகிறேன். சொல், இப்படி ஒரு புருஷன் யாருக்குக் கிடைப்பான்?

கடைசி ஒத்திகையைத்தான் உனக்கு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. ஒருநாள் காபி குடித்துவிட்டு, "இன்னிக்கு நான் இல்ல" என்றார். "எங்க போறீங்க?" "போயிட்டேன்னு வெச்சுக்கோ. இந்த ஊர்ல நீ தனியா சமாளிக்கணும்." வாயில் நல்ல வார்த்தையே வராதா என்று திட்டிவிட்டுக் கிளம்பினேன். பேங்குக்குப் போனேன், மருந்துக் கடைக்குப் போனேன், வெந்நீர்க் குழாய் ரிப்பேர்க்காரரைக் கையைக் காலை ஆட்டியே வரவழைத்து வேலை வாங்கினேன். ரிப்பேர்க்காரருக்கு டீ கொடுத்தபோது, நாற்காலியில் இருந்த காலமானவர் தனக்கும் ஒரு வாய் வேண்டுமென்று கை நீட்டினார். நான் கண்டுகொள்ளவில்லை. சாயங்காலம், "நீ பாஸ்" என்றார். கல்யாணத்தன்றுகூட அவர் முகத்தில் அப்படியொரு பெருமையை நான் பார்த்ததில்லை.

மறுநாள் நான் இல்லை. உள்அறையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் பாத்திரம் உருண்டது. அப்புறம் சத்தமே இல்லை. மத்தியானம் ஆவதற்குள் கதவைத் தட்டி, "ஒத்திகை முடிஞ்சுது, வெளிய வா" என்றார். "இன்னும் பாதி நாள் இருக்கே?" "முடிஞ்சுதுன்னா முடிஞ்சுது." மேஜையில் இரண்டு தட்டு வைத்திருந்தார். நானும் உட்கார்ந்து சாப்பிட்டேன்.

ஆக, யோசிக்க வேண்டியதையெல்லாம் உன் அத்தான் யோசித்தாகிவிட்டது. மகள் பக்கத்துத் தெருவில் இருக்கிறாள். குடியிருப்பு அனுமதியைப் புதுப்பிக்கிற சமயமும் வந்துவிட்டது. நிரந்தரமாகவே தங்கிவிடுவோம் என்று நினைக்கிறேன். எங்கள் வீட்டை வாங்க ஆள் பார். உன்னுடையதையும் கையோடு விற்றுவிட்டுக் கிளம்பு. உன் வீட்டுக்காரியை மூட்டுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொள்ளச் சொல். நீங்கள் இருவரும் நீண்ட ஆயுசோடு, முடிந்தால் சண்டையில்லாமல் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அக்கா

பி.கு.: உறையை ஒட்டப்போகும்போது உன் அத்தான் பிடுங்கிப் படித்துவிட்டார். "வீட்டை விக்கச் சொல்லி யார் சொன்னது? இந்த ஒரு வருஷமே ஒத்திகைதான்" என்கிறார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "சரி, என்ன ரிசல்ட்டு?" என்றேன். "ஊர் பாஸ். நீ பாஸ். நான்தான் ஃபெயில்" என்றார். "நான் இல்லன்னா அங்க போய் மட்டும் என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டேன். கடிதத்தை மடித்து என் கையில் கொடுத்தார். அப்புறம், "அங்க உன் தம்பி இருக்கான். சண்டை போடவாவது ஒரு ஆள் வேணும்ல" என்றார். ஆகையால் மேலே எழுதிய எல்லாவற்றையும் மறந்துவிடு. எந்த வீட்டையும் விற்காதே. எங்கள் வீட்டைத் திறந்து பெருக்கி வை. வந்திறங்கியதும் அவர் உன் வீட்டு மாடிப்படியில் அரிசி மூட்டையோடு ஏறுவார். ஏன் என்று கேட்காதே, கதவை மட்டும் திற.