'அது வேறை' அண்ணை தந்த நற்சான்று

யாழ்ப்பாணத்தில் காணிக்குக் காணி வேலி போட்டவர்கள் ஆயிரம் பேர். ஆங்கிலச் சொல்லுக்குச் சொல் வேலி போட்டவர் ஒருவர்தான்: எங்கள் கந்தோரின் தலைமைக் கிளாக்கர் 'அது வேறை' அண்ணை. ஒரு சொல் பக்கத்துச் சொல்லின் வளவுக்குள் தலையை நீட்டினாலும் மனிதர் வழக்குக்கு வந்துவிடுவார்.

ஒருநாள் மத்தியானம் மேசையிலேயே கண்ணயர்ந்துவிட்டேன். மேலதிகாரி "லேசி ஃபெலோ!" என்று கத்தினார். அண்ணை பாய்ந்து வந்தார்.

"சேர், லேசி எண்டால் வேலை இருந்தும் செய்யாதவன். உவன் ஐடில். நீங்கள் உவனுக்கு வேலை குடுக்கேல்லை. அது வேறை!"

அதிகாரி உடனே கொடுத்தார். அந்தக் கிழமை முழுவதும் கடைசி பஸ்ஸில்தான் வீடு போனேன்.

இந்த மனிதரிடம் போய்த்தானா என் கல்யாணம் அகப்பட வேண்டும்! புத்தூரில் ஒரு பெண். கோயிலில் தூரத்தில் நின்று பார்த்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. சாதகமும் பொருந்திவிட்டது. மிச்சம் விசாரிப்பு ஒன்றுதான். பெண்ணைப் பெற்றவர் மாப்பிள்ளையின் கந்தோருக்கு வந்து குணம் கேட்பார். அங்குள்ளவர்கள் "தங்கமான பெடியன்" என்பார்கள். எவனாக இருந்தாலும் தங்கம்தான். அதுதான் எங்கள் ஊர் முறை.

பெண்ணின் தகப்பனார் மலாயாவில் உத்தியோகம் பார்த்து ஓய்வுபெற்றவர். வந்தவர் நேரே அண்ணையின் முன்னால் உட்கார்ந்தார். நான் அலுமாரிக்குப் பின்னால் மூச்சை அடக்கி நின்றேன்.

"தம்பி, பெடியன் ஒனஸ்டோ?"

"ஒனஸ்ட் எண்டு சொல்லேலாது."

பெரியவர் குடையை எடுத்தார்.

"பொறுங்கோ ஐயா! சின்சியர். பொய் சொல்லுவான், ஆனால் மனசாரச் சொல்லுவான். அது வேறை."

"புத்திசாலியோ?"

"கிளெவர்தான். இன்டெலிஜென்ட் எண்டு நான் கையெழுத்து வைக்கமாட்டன்."

"குணம்?"

"நைஸான பெடியன்."

பெரியவர் குடையோடு எழுந்து போய்விட்டார்.

"அண்ணை, என்ரை கலியாணத்தைக் குழப்பிப் போட்டியள்!" என்று அலறினேன். அது அவர் காதில் ஏறவில்லை. திடீரென்று நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"ஐயோ, நைஸ் எண்டெல்லோ சொல்லிப்போட்டன்! பிழை, பிழை!"

சைக்கிளில் ஏறி உச்சி வெயிலில் புத்தூருக்குப் பறந்தார். இருந்த ஒரே நல்ல சொல்லையும் பிடுங்கப் போகிறார்! தேநீர்க் கடைக்காரரின் சைக்கிளைப் பறித்துக்கொண்டு நானும் துரத்தினேன்.

நான் பெண் வீட்டுப் படலையடிக்குப் போய்ச் சேர்ந்தபோது அண்ணை முற்றத்தில் மூச்சிரைத்துக்கொண்டு நின்றார்.

"ஐயா, நைஸ் எண்டால் ஆக்களுக்கு முன்னாலை பதமா நடக்கிறவன். உவனுக்கு அது சரிவராது, வாயைத் திறந்தால் பகிடியும் சிரிப்பும்தான். ஆனால் நான் நெருப்புக் காய்ச்சலிலை கிடக்கேக்கை, என்ரை வேலை முழுக்கச் செய்து வைச்சிட்டு ஒருத்தருக்கும் மூச்சு விடேல்லை. உவன் கைண்ட். அது வேறை, ஐயா!"

பெரியவர் வியர்த்து நனைந்த அண்ணையின் சட்டையைப் பார்த்தார். பிறகு படலையில் தொங்கிக்கொண்டிருந்த என்னைப் பார்த்தார்.

"ஒரு சொல்லைத் திருத்த இந்த வெய்யிலுக்குள்ளை சைக்கிள் உழக்கி வந்தவர் பொய் சொல்லார்," என்றவர் உள்ளே திரும்பினார். "பிள்ளை, மூண்டு பேருக்குத் தேத்தண்ணி போடு!"

அந்தத் தேநீரில் சீனி போட மறந்துவிட்டதாக என் மனைவி இன்றும் சொல்கிறாள். எனக்கு அது தெரியவே இல்லை.

அண்ணை இப்போது இல்லை. ஆனாலும் பஸ்ஸில் யாராவது நின்றால், முழங்கால் நோவோடு எழுந்து இடம் விடுகிறேன். என்னைப் பற்றி அவர் ஒரு பிழையான சொல்லைச் சொன்னதாக ஆகிவிடக் கூடாது.