ஒரு நூல் கோதண்டபாணி

நம்ம மயிலாப்பூரில் நூல்காரர்கள் என்று ஒரு வகை மனிதர்கள் உண்டு. தறியில் ஓடுகிற நூல் இல்லை. ஆசாரி அங்குலத்தை எட்டாகக் கிழித்துச் சொல்வாரே, அந்த நூல். சுவரில் மாட்டின படம் இவர்களுக்கு எப்போதும் ஒரு நூல் சாய்ந்திருக்கும், காப்பி ஒரு நூல் ஆறியிருக்கும், கடிகாரம் ஒரு நூல் முந்தியிருக்கும். எல்லாம் சரியான பிறகு வாழ ஆரம்பிக்கலாம் என்று காத்திருப்பார்கள். சரியாகுமா? ஆகாது. அவர்களுக்கு வேண்டியதும் அதுதான்.

இந்தக் கூட்டத்துக்கே ராஜா நம்ம கோதண்டபாணி. மின்சார ஆபீஸ் குமாஸ்தா. கல்லூரியில் ஹவாயன் கிடார் வாசித்துக் கோப்பை வாங்கின ஆள். எழுபத்துமூன்றாம் வருஷம், ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பின ஒரு ஆங்கிலோ இந்தியர் வீட்டிலிருந்து ஒரு பழைய பெடல் ஸ்டீல் கிடாரை ரிக்‌ஷாவில் ஏற்றிவந்தார். நாலு கால், மேலே பத்துத் தந்தி, கீழே தையல் மெஷின் மாதிரி மிதிகட்டைகள், முழங்காலால் தள்ள இரண்டு கம்பி. தந்திமேல் உருக்குத் துண்டை இழுத்துக்கொண்டே மிதித்தால் சத்தம் வழுக்கிக்கொண்டு மேலே போகும். அழுகிற குழந்தையைத் தோளில் போட்டதும் குரல் மாறுமே, அந்த மாதிரி.

அப்போது கல்யாணமாகி மூன்று மாதம். மனைவி ரத்னா ஆசையாக வந்து நின்றாள்.

"இன்னாங்க, ஒரு பாட்டு வாசிங்களேன்."

"தோ, ஒரு நூல் சரி பண்ணிட்டு."

அந்த ஒரு நூல் ஒன்றரை வருஷம் நீண்டது. மிதிகட்டையையும் தந்தியையும் இணைக்கிற கம்பிகள் துருவேறி உதிர்ந்துபோனதால் இனாயத் பாய் சைக்கிள் கடையில் ஸ்போக்ஸ் கம்பி வாங்கிப் பூட்டி, தலை உடைந்த முறுக்காணிகளைத் திருப்பச் சுண்டுவிரல் நீளத்தில் ஒரு ஸ்பேனர் செய்து, சத்தம் பெரிதாக வர வால்வு ரேடியோவின் முதுகில் ஒயரைச் செருகி, வேட்டி முழங்கால் கம்பியில் மாட்டி இரண்டு தரம் மானம் போனதால் காக்கி அரை நிஜாருக்கு மாறி, காதைப் பலகையில் ஒட்டிக்கொண்டு டிங், திருகு, டிங், திருகு என்று ஞாயிற்றுக்கிழமைகளைத் தின்றார். மூன்றாவது தந்திதான் சத்துரு. மிதித்தால் ஒழுங்காக ஏறும். விட்டால் பழைய இடத்துக்கு வராமல் ஒரு நூல் கீழே நிற்கும்.

"இன்னா நைனா, இது வாத்தியமா வண்டியா?" என்பார் இனாயத். "நீ வாங்கிக்கினு போன கம்பில மூணு சைக்கிளு திருவான்மியூர் போய் வந்திருக்கும்."

பாட்டு? பாட்டு எங்கே ஓடிவிடப் போகிறது!

ஆனால் ரத்னா கிளம்ப வேண்டியிருந்தது. ஒன்பதாம் மாதம். வெள்ளிக்கிழமை காலையில் வளைகாப்பு, பத்தரைக்கு ராகுகாலம், அதற்குள் அவள் அம்மா தேவானை அவளை ஆதம்பாக்கத்துக்கு அழைத்துப்போயாக வேண்டும். வியாழக்கிழமை சாயங்காலம் ரத்னா நிஜார்க்காரர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"நாளைக்கி கெளம்பறதுக்குள்ள ஒரே ஒரு பாட்டு. முழுசா. எனக்குப் பயமா கீதுங்க. அங்க வலி எடுக்கறப்போ நெனச்சிக்க எதுனா ஒண்ணு வேணும்."

"வாசிச்சுடலாம் ரத்னா. ஒரு நூல்தான் பாக்கி."

மறுநாள் கூடம் கொள்ளாத பெண்கள். ரத்னாவின் கையில் முழங்கை வரைக்கும் கண்ணாடி வளையல், மடி நிறைய வெற்றிலை பாக்கு மஞ்சள். கோதண்டபாணி சரிகை வேட்டியோடு கிடார் முன்னால் உட்கார்ந்து வழக்கம்போல் கையை நீட்டினார். ஸ்பேனர் இல்லை.

"ரத்னா, ஸ்பேனர எங்கனா பாத்தியா?"

"இன்னா ஸ்பேனரு?" என்றாள் ரத்னா. கன்னத்தில் சந்தனம், முகத்தில் அம்மன் களை.

பாயைத் தூக்கினார். ரேடியோவை நகர்த்தினார். புளிச்சோற்று அண்டாவுக்குப் பின்னால் எட்டிப்பார்த்தார்.

"மாப்ள," என்றாள் தேவானை, "மணி பத்து. டாக்சி நிக்குது. வாசிக்கிறதுன்னா வாசிங்க, இல்லன்னா வழிய வுடுங்க."

திருகுவதற்கு வழியில்லாத நூல்காரர் என்ன செய்வார்? வேர்ப்பார். வேர்த்தார். அப்புறம், வேறு கதியே இல்லாமல், வாசித்தார்.

ஒரு தாலாட்டு. நடுவில் வேட்டி கம்பியில் மாட்டியது, உதறிக்கொண்டு வாசித்தார். ஒவ்வொரு அடி முடிவிலும் மூன்றாவது தந்தி ஒரு நூல் கீழே நின்றது. அந்த இடம் வரும்போதெல்லாம் வேப்பெண்ணெய் குடித்த மாதிரி அவர் முகம் கோணியது. ரத்னாவோ வயிற்றின்மேல் வளைக்கையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு, அந்த இடத்துக்காகவே காத்திருந்தவள் போலத் தலையை அசைத்தாள். முழுப் பாட்டு.

டாக்சி வரைக்கும் பின்னாலேயே ஓடினார். "மூணாவது தந்தி கம்மி. கவனிச்சியா?"

"அதுக்கும் தொண்டை அடைச்சிக்கிச்சு. எனக்குத் தொணைக்கு ஒரு ஆளு கெடச்சாப்பல இருந்துச்சு." மடியில் கைவிட்டு, மஞ்சளுக்கும் பாக்குக்கும் நடுவிலிருந்து ஸ்பேனரை எடுத்து அவர் கையில் வைத்தாள். "இந்தாங்க. மடி கனக்குது."

திருந்தினாரா? அன்று மத்தியானமே நிஜாரை மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஒன்பது தந்தியையும் புரட்டி எடுத்தார். மூன்றாவதை மட்டும் தொடவில்லை.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். இதைப் படிக்க உட்காருமுன் நாற்காலியை விசிறிக்கு நேராக எத்தனை தடவை நகர்த்தினீர்கள் என்று நான் கேட்கவில்லை. உள்ளேயிருந்து கூப்பிட்டவர்களிடம், "இதை முடிச்சுட்டு வரேன்" என்றீர்களாமே? முடிந்துவிட்டது. போங்க சார், சோறு ஆறுது.