கடைசிப்பக்க மண்டோர்

உலகத்திலேயே அதிக நாவல்களின் முடிவு தெரிந்தவரும், ஒரு நாவலின் ஆரம்பம்கூடத் தெரியாதவரும் ஒரே ஆள்தான். மலேசியாவில், கோலா பிலா பக்கம் எங்கள் ரப்பர் தோட்டத்தில், புல்லுக்கு மருந்தடிக்கும் பெண்களைக் கட்டி மேய்த்துக்கொண்டிருந்த மண்டோர் அவர். சொந்தப் பெயர் ஒன்று இருந்தது, யாரும் சொல்லமாட்டார்கள். எழுபதுகளின் கடைசியில் தோட்டம் முழுக்க அவருக்குக் கடைசிப்பக்க மண்டோர் என்றுதான் பெயர்.

அவருக்கு எழுத்து தெரியாது. அவருடைய இளைய மகள் வசந்தியும் நானும் இடைநிலைப்பள்ளியில் ஒரே வகுப்பு. சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு முடிந்ததும் எங்கள் வாத்தியார் தன் பெட்டியிலிருந்து ஆளுக்கொரு கதைப் புத்தகம் கொடுப்பார். வசந்தி கொண்டுவருவதை மண்டோர் வாங்கி என்னிடம் நீட்டுவார். சொந்த மகள் படித்துக் காட்டினால் செல்லாது. பக்கத்து வீட்டுப் பெண் பொய் சொல்லமாட்டாள் என்பது அவர் எண்ணம்.

“கடேசிப் பக்கத்தப் படி, பாப்பா.”

தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கேட்பார். கதாநாயகிக்குக் கல்யாணம் ஆனால், “சரி, கொண்டு போ” என்பார். அழுதாள் என்றால் புருவம் நெரியும். செத்தாள் என்றால் அடுத்த சனிக்கிழமை வரை புத்தகத்துக்கு அலமாரி மேல் சிறைவாசம்.

ஒருமுறை விஞ்ஞானப் பாடநூலையும் நீட்டினார். கடைசிப் பக்கத்தில் வெறும் சொற்பட்டியல், அதுவும் மலாயில். வாய் வலிக்கப் படித்து முடித்தேன்.

“யாரும் சாவலதானே?”

“இல்ல மாமா.”

“அப்ப படிக்கட்டும்லா.”

தோட்டமே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் காரணம் எல்லோருக்கும் தெரியும். அவருடைய மூத்த மகள் பதினேழு வயதில் தன் உயிரைத் தானே போக்கிக்கொண்டாள். ஏன் என்று யாரிடமும் சொல்லவில்லை. தலையணைக்கடியில் ஒரு கதைப் புத்தகம் கிடந்தது. அதைப் படித்துத்தான் கெட்டாள் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. வேறொரு அப்பாவாக இருந்தால் வசந்தியின் புத்தகங்களை அடுப்பில் போட்டிருப்பார். இவர் கடைசிப் பக்கத்தைக் கேட்டார். இன்னொரு மகளையும் இழந்துவிடக் கூடாது என்பதைத் தவிர அவருக்கு வேறு நினைப்பே இல்லை.

ஐந்தாம் படிவத்தில், பள்ளியின் கடைசி வருஷம், வந்தது வினை. தமிழ் இலக்கியத் தேர்வுக்கு வைத்திருந்த நாவலில் நாயகி கடைசிப் பக்கத்தில் உயிரை விடுகிறாள், வசந்தியின் அக்காவைப் போலவே. படிக்காவிட்டால் தேர்வு போச்சு. வசந்தி கண்ணாலேயே என்னைக் கெஞ்சினாள். நான் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே, அதில் இல்லாத ஒரு கல்யாணத்தைப் படித்தேன். நாதஸ்வரம், சிரம்பான் பட்டணத்திலிருந்து வந்த மாலை, பந்தி, பாயசம் எல்லாம் போட்டேன்.

“மாப்ள என்ன வேல?” என்றார்.

“தோட்டத்து ஆபீஸ்ல கிராணி, மாமா.”

“நல்ல எடம்.”

இரண்டு மாதம் கழித்துத் தோட்டத்துத் திருவிழாவுக்கு வந்த வாத்தியாருக்கு வாய் சும்மா இருக்கவில்லை. “ஒங்க மகதான் மொத மார்க்கு, மண்டோரே. அந்தக் கதையில பொண்ணு ஏன் உயிர விட்டான்னு பிச்சு ஒதறி எழுதியிருக்கா!”

மண்டோர் தொப்பியை மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். மறுநாள் வேலை முடிந்து குளித்துவிட்டு, எங்கள் இருவரையும் எதிரே உட்காரவைத்தார். இனிமேல் பள்ளிக்கூடம் கிடையாது என்று சொல்லப் போகிறார் என்றே நினைத்தோம்.

“ஏன் செத்தான்னு அதுல எழுதியிருக்கா?”

வசந்தி தலையாட்டினாள்.

“அப்ப மொதல்லேருந்து படி.”

பதினோரு மாலை படித்தாள். மண்டோர் கேட்டுக்கொண்டே நாவலில் வரும் அப்பாவோடு சண்டை போட்டார். “புள்ள மூணு நாளா சாப்புடல. என்னான்னு கேக்கமாட்டானா இவன்? கண்ணு என்னா பொட்டையா?” என்று கத்துவார். பிறகு தானே அடங்கிப்போவார். அவர் முகத்தைத் துடைத்துக்கொள்ளும்வரை வசந்தி காத்திருப்பாள்.

படித்து முடித்த அன்று வசந்தியிடம், “மனசுல எதுனாச்சும் இருந்தா அப்பாகிட்ட சொல்லிடணும். திட்டமாட்டேன்” என்றார். அவள் அழுதாள். நான் மெல்ல நழுவப் பார்த்தேன், விடவில்லை.

“பாப்பா, நீ ஒரு கல்யாணம் படிச்சியே.”

“மன்னிச்சிருங்க மாமா.”

“இல்லலா. அப்படியே ஆயிருக்கலாம்.”

நான் எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறேன். அந்த ஒன்றை மட்டும் நிஜமாக்கி அவர் கையில் கொடுக்க முடிந்திருந்தால் என்று இன்றைக்கும் ஏங்குகிறேன்.